சபை விற்கும் ஆலய உடைக்கு விற்பனை வரி உண்டா?

கேள்வி: டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் உள்ள ஒரு சிறிய தமிழ்ச் சபையின் பொருளாளர் நான். அமெரிக்க வருமான வரித்துறையான ஐஆர்எஸ் கொடுத்த 501 சி 3 என்ற வரிவிலக்குக் கடிதம் எங்களிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக ஆராதனை முடிந்ததும் வாசலில் மேசை போட்டுத் துணி விற்கிறோம். பாடகர் குழு அங்கி, திடப்படுத்தல் ஆராதனைக்கு வெள்ளைப் புடவை, வசனம் அச்சிட்ட டி-ஷர்ட், இவ்வளவுதான். "சபைக்கு வரி கிடையாது, அதிலும் இது ஆலய உடை, யாரும் வரி கேட்க முடியாது" என்கிறார் எங்கள் மூப்பர் ஒருவர். நியூஜெர்சியில் உள்ள எங்கள் நட்புச் சபையும் துணிக்கு வரி வாங்குவதில்லை. நடுவில் சில மாதங்கள், எதற்கும் இருக்கட்டும் என்று டி-ஷர்ட்டுக்கு ஒரு டாலர் 'டாக்ஸ்' சேர்த்து வாங்கினோம். அந்தப் பணம் சபைக் கணக்கிலேயே கிடக்கிறது. நாங்கள் வரி வசூலிக்க வேண்டுமா, வேண்டாமா?

பதில்: அன்புள்ள பொருளாளர் அவர்களுக்கு,

வசூலிக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு நாட்கள் மட்டும் வேண்டாம். அந்த இரண்டு நாட்களைப் பற்றி விரிவாகப் பிறகு சொல்கிறேன், உங்களுக்குப் பெரிய உதவி அதில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசி இரண்டு வரிகள்தான். அந்த ஒரு டாலரை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். கூரை செப்பனிடவோ வேறு செலவுக்கோ அதைத் தொட வேண்டாம்.

மூப்பர் சொல்வதில் மூன்று தனித்தனி விலக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஐஆர்எஸ் கடிதம் தருவது கூட்டாட்சி அரசின் வருமான வரி விலக்கு. காணிக்கைக்கும் தசமபாகத்துக்கும் சபை வருமான வரி கட்ட வேண்டாம், கொடுத்தவர்கள் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதோடு அந்தக் கடிதத்தின் வேலை முடிந்தது. விற்பனை வரி என்பது அமெரிக்காவில் மாநிலங்களின் சமாச்சாரம், ஐஆர்எஸ்ஸுக்கு அதில் பேச்சே இல்லை. டெக்சாஸில் மாநில வரி 6.25 சதவீதம். நகரமும் மற்ற உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து 2 சதவீதம் வரை போடலாம். ஆக அதிகபட்சம் 8.25.

இரண்டாவது, சபை ஒரு பொருளை வாங்கும்போது கிடைக்கும் விலக்கு. இதை மாநில வரிகளைப் பார்க்கும் டெக்சாஸ் கம்ப்ட்ரோலர் அலுவலகம் தருகிறது. மத நிறுவனங்களுக்கென்று ஏபி-209 என்ற விண்ணப்பம் இருக்கிறது. அது ஏற்கப்பட்டபின், சபைக்காக வாங்கும் மைக், நாற்காலி, அங்கி எதற்கும் விலக்குச் சான்றிதழைக் கொடுத்து வரியில்லாமல் வாங்கலாம். உங்கள் கோப்பில் அந்தக் கம்ப்ட்ரோலர் கடிதம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஐஆர்எஸ் கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதற்கு விண்ணப்பிக்காமலே விட்ட சபைகள் நிறைய.

மூன்றாவதுதான் உங்கள் கேள்வி: சபை விற்கும்போது என்ன? இங்கே வரியின் சுமை சபையின் மேல் இல்லை. புடவை வாங்கும் சகோதரி கட்ட வேண்டிய வரியைச் சபை வாங்கி அரசிடம் சேர்க்கிறது, அவ்வளவே. அந்தச் சகோதரிக்கு எந்த விலக்கும் கிடையாது. சபைக்கு இருக்கும் விலக்கு மேசையைத் தாண்டி அவர் கைக்குப் போகாது.

சரி, ஆலய உடை என்பதற்காகவாவது ஒரு சலுகை இருக்கக் கூடாதா? மூப்பரின் இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த வாதம் இது, போனதும் உங்கள் மாநிலத்திலிருந்துதான். 1980-களில் டெக்சாஸ், மத நிறுவனங்கள் வெளியிடும் சமயப் பத்திரிகைகளுக்கு விற்பனை வரி விலக்குக் கொடுத்தது. மற்ற பத்திரிகைகளுக்கு வரி உண்டு. டெக்சாஸ் மன்த்லி என்ற பொதுப் பத்திரிகை, 1985-இல் ஆட்சேபத்தோடு சுமார் 1,49,000 டாலர் வரியைக் கட்டிவிட்டு வழக்குப் போட்டது. 1989-இல் தீர்ப்பு வந்தது. சமயக் கருத்து இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பத்திரிகைக்கு விலக்குக் கொடுப்பது, அரசு மதத்துக்குக் கைகொடுப்பதாகும், அது அரசியல் சட்டத்துக்குப் பொருந்தாது என்று விலக்கை ரத்து செய்தார்கள். எது சமய நூல், எது இல்லை என்று வரி அதிகாரி உட்கார்ந்து பிரித்துப் பார்க்கும் நிலை வரக் கூடாது என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்ட கவலை. பென்சில்வேனியாவிலும் பைபிளுக்கும் சமய வெளியீடுகளுக்கும் இருந்த விலக்கை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1999-இல் ரத்து செய்தது.

டெக்சாஸ் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே, 1990-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. தொலைக்காட்சிப் போதகர் ஜிம்மி ஸ்வாகர்ட்டின் ஊழியம் கலிபோர்னியாவில் 1974-க்கும் 1981-க்கும் இடையில் நற்செய்திக் கூட்டங்கள் நடத்தி, பைபிள், பிரசங்க ஒலிநாடாக்கள், இசைத்தட்டுகளோடு ஊழியத்தின் சின்னம் போட்ட டி-ஷர்ட், கோப்பை, முள்முடியின் மாதிரி வடிவம் என்று எல்லாம் விற்றது. தபால் வழியாகவும் விற்றது. வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து மாநிலம் கேட்ட தொகை சுமார் 1,66,000 டாலர். "எங்கள் விற்பனையே ஊழியம், அதற்கு வரி போடுவது மத சுதந்திரத்தில் கை வைப்பது" என்றார்கள். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் மறுத்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக, யாரையும் குறிவைக்காமல் போடப்படும் விற்பனை வரியை மத நிறுவனமும் வசூலித்துத்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பானது. உங்கள் மேசையில் இருக்கும் வசன டி-ஷர்ட்டுக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் கிடைக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். மாநிலம் வரி போடலாம் என்றுதான் இரண்டாவது தீர்ப்பு சொல்கிறது, போட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஃபுளோரிடாவின் விற்பனை வரிச் சட்டத்தில் பைபிள், பாட்டுப் புத்தகம், ஜெபப் புத்தகம், குருமார் அங்கி, பீடப் பொருட்கள், நற்கருணைக் கிண்ணம், ஆராதனைச் சடங்கு உடைகள் ஆகியவற்றுக்கு வரி இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். டெக்சாஸ் தீர்ப்போடு அது எப்படி ஒத்துப்போகும் என்று நீங்கள் கேட்டால், நியாயமான கேள்விதான். அந்தச் சட்டத்தை எதிர்த்து ஃபுளோரிடாவில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. யூட்டாவில், மத நிறுவனங்கள் தங்கள் வழக்கமான சமயப் பணியின் பகுதியாகச் செய்யும் விற்பனைக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. கலிபோர்னியா நேர் எதிர். சபை தனக்கென்று அங்கி வாங்கினால்கூட அங்கே பொதுவான விலக்குக் கிடையாது. யாராவது "எங்கள் சபையில் இப்படித்தான்" என்று சொன்னால், எந்த மாநிலம் என்று முதலில் கேளுங்கள்.

உங்கள் நட்புச் சபை விஷயமும் அப்படித்தான். நியூஜெர்சியில் சாதாரண உடைக்கு யாரிடம் வாங்கினாலும் விற்பனை வரி கிடையாது. வால்மார்ட் டி-ஷர்ட் விற்றாலும் இல்லை, சபை விற்றாலும் இல்லை. அவர்கள் சபை என்பதால் கிடைத்த சலுகை அல்ல அது. பென்சில்வேனியா, மினசோட்டாவிலும் பெரும்பாலான உடைகளுக்கு வரியில்லை. நியூயார்க்கில் ஒரு உடை 110 டாலருக்குக் கீழ் இருந்தால் மாநில வரி இல்லை. டெக்சாஸில் உடைக்கு வரி உண்டு. ஆகஸ்டில் வரும் வரியில்லா வார இறுதியில் மட்டும், 100 டாலருக்குக் குறைவான சாதாரண உடைகளுக்கு எந்த விற்பனையாளரும் வரி வாங்க வேண்டாம். புடவையை அந்த வார இறுதியில் விற்றால் சபைக்கும் அது பொருந்தும். அதற்கு உங்கள் இரண்டு நாட்களில் ஒன்றைச் செலவழிக்கத் தேவையில்லை.

இப்போது அந்த இரண்டு நாட்கள். டெக்சாஸ் சட்டப்படி விலக்குப் பெற்ற மத நிறுவனம் ஒரு காலண்டர் ஆண்டில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒரு நாள், வரியில்லாமல் விற்பனை நடத்தலாம். ஒரு நாள் என்றால் தொடர்ந்து 24 மணி நேரம். நள்ளிரவில் கணக்கு முடிந்துவிடாது. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆரம்பித்தால் ஞாயிறு மாலை 4 மணி வரை ஓடும். அறுப்பின் பண்டிகைக்கு உங்கள் ஆட்கள் சனிக்கிழமையே கடை விரித்துவிடுவார்கள் என்பதால் இந்த மணிக்கணக்கு உங்களுக்கு வசதிதான். அறுப்பின் பண்டிகை ஒன்று, கிறிஸ்துமஸ் விற்பனை ஒன்று என்று வைத்துக்கொண்டால், அந்த நாட்களில் அங்கி, புடவை, டி-ஷர்ட் எல்லாம் வரியில்லாமல் போகும். மற்ற ஞாயிறுகளில் போடும் மேசைக்குத்தான் வரி.

முன்பதிவு எடுத்து விற்றால் இன்னும் நல்லது. திடப்படுத்தலுக்குப் புடவை வேண்டும் என்பவர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிவிடுங்கள். மொத்தமாக ஆர்டர் போடுங்கள். விற்பனையாளர் சரக்கைச் சபையிடம் ஒப்படைக்கும் நாளை வரியில்லா நாளாகக் குறித்துக்கொள்ளலாம் என்பது கம்ப்ட்ரோலரின் வழிகாட்டுதல். பணம் பல வாரங்களாக வந்திருந்தாலும் அந்த ஒரே நாளில் எல்லா முன்பதிவும் அடங்கிவிடும். மிஞ்சிய புடவையை அன்றே யாராவது வாங்கினாலும் வரியில்லை. அடுத்த ஞாயிறு வாங்கினால் வரி உண்டு. அட்டைப் பெட்டியின் மேல் வந்த தேதியை எழுதி, ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். கேள்வி வரும்போது காட்ட அதுதான் இருக்கும். இன்னொன்று, ஒரு வியாபாரி தன் சரக்கைக் கொண்டுவந்து சபை மேசையில் வைத்து, விற்றதில் சபைக்குக் கமிஷன் கொடுத்தால், விற்பவர் வியாபாரிதான். சபையின் வரியில்லா நாள் அவருக்குக் குடையாகாது.

பெண்கள் ஐக்கியம், வாலிபர் குழு இரண்டுக்கும் தனித்தனியாக இரண்டு நாட்கள் கிடைக்குமா என்று உங்கள் குழுவில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். நிறுவனத்தின் உண்மையான கிளைகளுக்கும் அந்த உரிமை உண்டு என்று சட்டம் சொல்கிறது. தனி நிர்வாகிகள், தனிக் கூட்டங்கள், வரவு செலவு எல்லாம் ஏற்கெனவே நடந்துவரும் ஐக்கியம் என்றால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கிக் கோப்பில் போடுங்கள். விற்பனைக்காகவே சபையை நாலு குழுவாக வெட்டும் யோசனை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பாடகர் குழு அங்கியைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை நீங்கள் விற்கவே தேவையில்லை. சபைக் கணக்கிலிருந்து, விலக்குச் சான்றிதழ் கொடுத்து அங்கிகளை வாங்குங்கள். கழுத்துப் பட்டைக்கு உள்ளே சபையின் பெயரையும் ஒரு எண்ணையும் தைத்து, ஆலய அலமாரியிலேயே மாட்டி வையுங்கள். பாடுகிறவர்கள் போட்டுக்கொண்டு, முடிந்ததும் கழற்றி வைக்கட்டும். சொத்து சபையுடையது, விற்பனையே நடக்கவில்லை, வரியும் இல்லை. ஆளுக்கு 45 டாலர் வாங்கிக்கொண்டு அங்கியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால்தான் அது விற்பனை. போதகரின் அங்கிக்கும் இதேதான். சபை வாங்கிச் சபையே வைத்திருந்தால் விலக்கு, அவர் சொந்தப் பணத்தில் தனக்கென்று வாங்கினால் மற்றவர்களைப் போல அவரும் வரி கட்ட வேண்டும்.

விற்பதற்கென்று வாங்கும் டி-ஷர்ட், புடவைக்கு விலக்குச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள். அதற்கு மறுவிற்பனைச் சான்றிதழ் இருக்கிறது. டெக்சாஸில் 01-339 என்ற ஒரே தாளின் முன்பக்கம் மறுவிற்பனை, பின்பக்கம் விலக்கு. அவசரத்தில் பக்கம் மாற்றி நிரப்பிக் கொடுப்பது சகஜம்.

டி-ஷர்ட்டில் இருப்பது வேத வசனம்தானே என்று இன்னும் மனம் ஒப்பாதவர்களுக்கு ஒரு தகவல். மத, தர்ம நிறுவனங்கள் தாங்களே வெளியிட்டு விநியோகிக்கும் எழுத்துகளுக்கு டெக்சாஸில் விலக்கு உண்டு. சமய நிறுவனங்களோடு தர்ம, வரலாற்று, அறிவியல் அமைப்புகளையும் சேர்த்து எழுதப்பட்ட பொதுவான விலக்கு அது. உங்கள் சபை அதே வசனங்களைத் தொகுத்துச் சிறு புத்தகமாக வெளியிட்டால் வரியில்லை. துணியில் அச்சிட்டால் அது உடை, வரி உண்டு.

வழக்கமான ஞாயிறு மேசை தொடர வேண்டுமென்றால் விற்பனை வரி பெர்மிட் எடுங்கள். கட்டணம் கிடையாது. விற்பனையே நடக்காத காலாண்டிலும் பூஜ்யம் என்று போட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால், வரி ஒன்றுமில்லை என்றாலும், அறிக்கைக்கு 50 டாலர் அபராதம். வாசலில் சில்லறை தேடும் தொல்லை வேண்டாமென்றால் டி-ஷர்ட் 20 டாலர், வரி உட்பட என்று பலகையில் தெளிவாக எழுதிவிடுங்கள். 8.25 சதவீத ஊரில் அந்த 20-இல் சபைக்கு 18 டாலர் 48 சென்ட், மாநிலத்துக்கு 1 டாலர் 52 சென்ட். 'வரி உட்பட' என்ற சொற்கள் பலகையில் இல்லாவிட்டால் முழு 20-க்கும் மேல் வரி கேட்பார்கள்.

சிலர் உங்களிடம் வேறு ஒரு வழி சொல்வார்கள். விலை என்று போடாமல் 'காணிக்கை 20 டாலர்' என்று எழுதலாம் என்பார்கள். இருபது கொடுக்காதவருக்குப் புடவை கிடைக்காது என்றால் அது விலைதான், பெயரை மாற்றினால் மாறாது. அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காணிக்கை என்று ரசீது போட்டால் கொடுத்தவர் அதை வருமான வரியில் கழிக்கப் பார்ப்பார். கைமாறாகப் பொருள் வாங்கியவர், பொருளின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகையை மட்டுமே கழிக்கலாம். அப்படிப்பட்ட தொகை 75 டாலரைத் தாண்டினால் பொருளின் மதிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டியது சபையின் கடமை. ஒரு டாலர் ஐம்பது சென்ட்டைத் தவிர்க்கப் போய் ஐஆர்எஸ்ஸையும் உள்ளே இழுக்க வேண்டாம்.

கடைசியாக, கடந்த இரண்டு ஆண்டுகள். வரி என்று சொல்லி வாங்கிய பணம், சட்டப்படி தேவைப்பட்டதோ இல்லையோ, சபையுடையது ஆகாது. வாங்கியவருக்குத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். டெக்சாஸில் இதை அரசுக்காக நம்பி ஒப்படைக்கப்பட்ட பணமாகப் பார்க்கிறார்கள். தெரிந்தே கட்டாமல் வைத்திருந்தால், பணத்தைக் கையாளும் பொறுப்பில் இருப்பவர்மீது தனிப்பட்ட முறையிலும் பொறுப்பு வரும். உங்கள் சபையில் அது நீங்கள்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை, குழுக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுக்க உங்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே.

விற்பனைப் பதிவேட்டை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: அறுப்பின் பண்டிகையிலும் கிறிஸ்துமஸிலும் விற்றவை, வரி வாங்காமல் மற்ற ஞாயிறுகளில் விற்றவை, ஒரு டாலர் சேர்த்து விற்றவை. முதல் பிரிவு, தேதியும் ஒரு நாள் கணக்கும் ஒத்து வந்தால், இரண்டு நாள் விலக்குக்குள் வரலாம். இரண்டாவதற்கு வரியைச் சபையே ஏற்க நேரிடும். உங்கள் அளவு விற்பனையில் அது சபையை அசைக்கும் தொகையாக இருக்காது. மூன்றாவதை ஒரு சென்ட்கூடக் குறையாமல் கட்ட வேண்டும்.

கட்டுவதற்கு முன், கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் தானாக முன்வந்து தெரிவிக்கும் திட்டத்தைப் பாருங்கள். பெர்மிட் இல்லாமல் விற்றவர்கள், அலுவலகம் தங்களைத் தொடர்புகொள்வதற்கு முன் தாங்களே வந்து சொன்னால், பின்னோக்கிப் பார்ப்பதை நான்கு ஆண்டுகளோடு நிறுத்தி அபராதத்தையும் தள்ளுபடி செய்கிறார்கள். ஆரம்பத்தில் பெயர் சொல்லாமலே ஒரு பிரதிநிதி மூலம் கேட்கலாம். வசூலித்து வைத்துக்கொண்ட வரிக்கு இந்தச் சலுகை அவ்வளவு தூரம் நீளாது, அதனால்தான் அந்த ஒரு டாலர்களைத் தனியாக எண்ணச் சொல்கிறேன். பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்தத் திட்டத்தைக் கேளுங்கள். பெர்மிட் முதலில் வந்துவிட்டால் இந்த வழி அடைபடலாம். உள்ளூரில் விற்பனை வரி பார்க்கும் ஒரு சிபிஏவை, அதாவது உரிமம் பெற்ற கணக்காளரை, அமர்த்திக்கொள்ளுங்கள். வருமான வரி மட்டும் பார்ப்பவர் இதற்குப் போதமாட்டார்.

அதுவரை ஞாயிறு மேசையை மடித்து வையுங்கள். புடவை கேட்டு வருபவர்களிடம் பெயர் மட்டும் எழுதி வாங்குங்கள்.